டிஎன்பிஎஸ்சி குரூப் 4 சேவை விமர்சனம்: எங்கே கண்ணாடி, எங்கே திரை

நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய், தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். 250 ரூபாயும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் கையில் இருந்தால், 19,500–71,900 சம்பள விகிதத்தில் இளநிலை உதவியாளராகவோ கிராம நிர்வாக அலுவலராகவோ ஆவதற்கான வரிசையில் நிற்கலாம். 2022-இல் இந்த வரிசையில் நின்றவர்கள் 22 லட்சம் பேர். முதலில் அறிவித்த இடங்கள் 7,301. பிரியாணிக் கடைக்கும் பிரஷர் குக்கருக்கும் நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதுகிற ஊரில், இத்தனை பேர் காசு கட்டிப் பயன்படுத்தும் ஒரு சேவையை அப்படி யாரும் எடைபோடுவதில்லை. பாஸானவர் புகழ்வார், போனவர் திட்டுவார், அத்தோடு சரி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பணமும் சிபாரிசும் நுழைய இடம் விடாத அமைப்பு என்ற வகையில் குரூப் 4, தமிழ்நாட்டில் இருக்கும் அரசு வேலைக் கவுன்ட்டர்களில் நல்ல கவுன்ட்டர். நேர்முகத் தேர்வு கிடையாது. ஒரே தாள், கொள்குறி வகை, திருத்துவது இயந்திரம். உங்கள் முகத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் ஆள் எந்தக் கட்டத்திலும் இல்லை. துணை ஆட்சியர் போன்ற உயர் பதவிகளுக்கான குரூப் 1-இல் முதன்மைத் தேர்வின் 750 மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வுக்கென்று 100 இருக்கிறது. அங்கே எழும் சந்தேகங்கள் இங்கே எழ வழியில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. தேர்வர் சரிபார்த்துக்கொள்ள வேண்டிய ஆவணங்களை, தேர்வை நடத்தும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) பெரும்பாலும் தருகிறது. ஆனால் அவற்றை வைத்து ஏதாவது செய்ய முடிகிற காலம் தாண்டிய பிறகு தருகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பதிவு

நிரந்தரப் பதிவு 5 ஆண்டு செல்லும். பலர் தவறாக நினைப்பது போல அது விண்ணப்பம் ஆகாது. ஒவ்வொரு அறிவிக்கைக்கும் தனியாக விண்ணப்பித்தே ஆக வேண்டும். புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி. இதை மீறினால் தளமே ஏற்காது, அதனால் அங்கே பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து பிரவுசிங் சென்டரில் இருக்கிறது. கடைக்காரர் தன் கைபேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையும் கொடுத்துப் பதிவு செய்துவிடுவார். எட்டு மாதம் கழித்து சான்றிதழ் பதிவேற்றச் சொல்லி வரும் குறுஞ்செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. தனித்தனியாகத் தபால் அனுப்பும் வழக்கம் இப்போது இல்லை. தளத்தைப் பார்க்க வேண்டியது தேர்வரின் பொறுப்பு என்று அறிவிக்கையிலேயே எழுதிவிடுகிறார்கள்.

கட்டணச் சலுகையில் ஒரு கண்ணி உண்டு. பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், ஆதரவற்ற விதவைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முழு விலக்கு. பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் மூன்று முறை மட்டும். அந்த மூன்று முறை என்பது விண்ணப்பித்த கணக்கு. தேர்வுக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தாலும் ஒரு வாய்ப்பு தீர்ந்தது. நான்காவது முறையும் சலுகை கேட்டு, அது பிறகு கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வருட உழைப்பை இழப்பது கொடுமை. கணக்கு மறந்துவிட்டால் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் தமிழ்வழி, முன்னாள் படைவீரர், ஆதரவற்ற விதவை போன்ற உரிமைகளை அப்போதே கோர வேண்டும். கடைசி நாளுக்குப் பிறகு சில நாள் திருத்தத்துக்கு அவகாசம் திறக்கிறார்கள். அது மூடினால் மூடியதுதான். இந்த அவகாசம் சேவையின் நல்ல அம்சங்களில் ஒன்று, பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

தேர்வுக் கூடமும் 2019-உம்

200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், ஒரு கேள்விக்கு 1.5. பகுதி அ தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு: 100 கேள்வி, 150 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு, அதாவது 60 எடுக்காவிட்டால் பகுதி ஆ-வைப் பார்க்கவே மாட்டார்கள். 2021 டிசம்பர் 1-ஆம் தேதி வந்த அரசாணை 133-இன் விளைவு இது. பகுதி ஆ-வில் பொது அறிவு 75, திறனறிவு 25. மொத்தத்தில் குறைந்தபட்சம் 90 வேண்டும் என்பது காகித விதி. 90 எடுத்தவருக்கு வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டவர் யாரும் இருக்க முடியாது.

இன்றைய விடைத்தாள் ஏன் இப்படி இருக்கிறது என்று புரிய 2019-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி நடந்த குரூப் 4 தேர்வின் தரவரிசை வந்தபோது, ராமேஸ்வரம், கீழக்கரை ஆகிய இரண்டு மையங்களில் எழுதியவர்கள் முதல் நூறு இடங்களுக்குள் குவிந்திருந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக்குத் தொடர்பில்லாத ஆட்கள் அங்கே போய் எழுதியிருந்தார்கள். விசாரணையில் வெளிவந்த முறை எளிமையானது: சில மணி நேரத்தில் மறைந்துவிடும் மையால் விடையைக் குறிப்பது, விடைத்தாள் கட்டுகள் சென்னைக்கு வரும் வழியில் தரகர்கள் சரியான விடைகளை நிரப்புவது. 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். அவர்களில் தரவரிசையில் இருந்த 39 பேரை நீக்கி, தகுதியான வேறு 39 பேரைச் சேர்த்தார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மோசடியைக் காட்டிக்கொடுத்தது தரவரிசைதான். எந்த மையத்திலிருந்து யார் எந்த இடத்துக்கு வந்தார் என்பது வெளியே தெரிந்ததால்தான் தேர்வர்களே முதலில் கேள்வி எழுப்பினார்கள். பட்டியலைப் பூட்டி வைத்திருந்தால் அந்த 99 பேரில் பலர் இன்று ஏதாவது அலுவலகத்தில் கோப்பு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதன்பின் வந்த மாற்றங்கள் விடைத்தாளிலேயே தெரிகின்றன. ஏ, பி, சி, டி-யோடு இ என்று ஐந்தாவது வட்டம். விடை தெரியாவிட்டால் இ-யைக் கருமையாக்க வேண்டும், எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. காரணம் வெளிப்படை: வெற்று வட்டம் இருந்தால்தான் பின்னால் ஒருவர் நிரப்ப முடியும். கடைசியில் எத்தனை ஏ, எத்தனை பி என்று ஐந்தையும் எண்ணித் தனிக் கட்டத்தில் எழுதி, அதையும் கருமையாக்க வேண்டும். கூட்டினால் 200 வர வேண்டும். இடது கைப் பெருவிரல் ரேகை வேறு. பாதுகாப்பு ஏற்பாடு என்ற வகையில் இது கெட்டிக்காரத்தனமானது. ஒரு வட்டத்தை மாற்றினால் எண்ணிக்கை இடிக்கும். தேர்வர் பக்கம் இதன் விலை நேரம். 200 வட்டத்தைப் பதற்றத்தில் எண்ணுகிறவர் இரண்டு முறையாவது தவறுவார். பத்துப் பத்தாக எண்ணி, வினாத்தொகுப்பின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தால் தப்பிக்கலாம்.

வினாத்தொகுப்பு எண்ணைத் தவறாக நிரப்புவது, எண்ணிக்கை பொருந்தாமல் விடுவது, கறுப்புப் பந்துமுனைப் பேனா தவிர வேறு பேனா பயன்படுத்துவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விளைவு உண்டு. சிலவற்றுக்கு மதிப்பெண் கழிவு, சிலவற்றுக்குத் தாளே செல்லாது. ஆணையத்தின் 'விண்ணப்பதாரர்களுக்கான அறிவுரைகள்' ஆவணத்தில் இதற்கான பட்டியல் இருக்கிறது. நூறு ரூபாய் கட்டியவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருப்பார்கள்? தேர்வு 9.30-க்கு, 9 மணிக்கு மேல் வாசலில் நின்று அழுதாலும் உள்ளே விட மாட்டார்கள்.

எல்லாம் சீராக நடக்கிறது என்று சொல்ல முடியாது. 2023 பிப்ரவரி 25-இல் நடந்த குரூப் 2 முதன்மைத் தேர்வில் விடைத்தாள்களில் அச்சிட்ட பதிவெண் வரிசை கூடத்தின் இருக்கை வரிசையோடு பொருந்தாமல், பல மையங்களில் காலைத் தேர்வு தாமதமானது. கொடுத்த தாளைத் திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்து, நேரத்தை ஈடுகட்டினார்கள். அந்தத் தேர்வின் முடிவு 2024 ஜனவரியில்தான் வந்தது. குரூப் 4-இல் இந்த வகைக் குழப்பம் குறைவு.

விடைக்குறிப்பு

இங்கேதான் திரை தொடங்குகிறது.

தேர்வு முடிந்த சில நாளில் உத்தேச விடைக்குறிப்பு தளத்தில் வரும். அடுத்த ஏழு நாளுக்குள் இணையவழியில் ஆட்சேபனை தெரிவிக்கலாம். தபாலோ மின்னஞ்சலோ செல்லாது. ஆட்சேபனைக்கு ஆணையம் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. ரயில்வே தேர்வு வாரியம் கேள்விக்கு 50 ரூபாய் கேட்டு, ஆட்சேபனை சரியென்றால் திருப்பித் தருகிறது. அந்த வகையில் இது தேர்வருக்குச் சாதகம்.

ஆட்சேபனை எடுபட வேண்டுமானால் கேள்வி எண், நீங்கள் சரியென்று சொல்லும் விடை, ஆதார நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு, பக்க எண், அந்தப் பக்கத்தின் நகல் எல்லாம் வேண்டும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பள்ளிப் புத்தகம் முதல் சாய்ஸ். பயிற்சி மையத்தின் கைடும் யூடியூப் காணொளியும் செல்லாக் காசு. பழைய பாடத்திட்டப் புத்தகத்துக்கும் புதியதற்கும் இடையே ஆண்டும் எண்ணும் மாறுபடும் இடங்கள் உண்டு. சண்டையில் பாதி அங்கேதான் வரும். எனவே பதிப்பு ஆண்டு தெரியும் முகப்புப் பக்கத்தையும் சேர்த்தே பதிவேற்றுங்கள்.

அதன்பிறகு என்ன நடக்கிறது? வல்லுநர் குழு பார்க்கிறது. உங்கள் ஆட்சேபனை ஏற்கப்பட்டதா, தள்ளப்பட்டதா, ஏன் என்று தனியாகப் பதில் வராது. இறுதி விடைக்குறிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அது தெரிவுப் பணி முழுவதும் முடிந்த பிறகு வெளியாகும் என்றே அறிவிக்கைகளில் எழுதி வந்திருக்கிறார்கள். அதாவது தரவரிசை வந்து, சான்றிதழ் பார்த்து, கலந்தாய்வு முடிந்து, பக்கத்து வீட்டுப் பையன் வேலையில் சேர்ந்த பிறகு, 'அந்த 47-ஆம் கேள்விக்கு விடை சி-தான்' என்று தெரியவரும்.

ஒரு கேள்விதானே என்று நினைக்க வேண்டாம். 2022 தேர்வை 18 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். 200 கேள்விக்கு, பூஜ்யத்தையும் சேர்த்து 201 மதிப்பெண் படிகள். சராசரிக் கணக்கே ஒரு படிக்கு 9,000 பேர். உச்சிப் படிகளில் கூட்டம் குறைவு என்றாலும், கட்-ஆஃப் விழும் இடத்தில் 1.5 மதிப்பெண் ஏறினால் தரவரிசை ஆயிரக்கணக்கில் நகரும். சமமான மதிப்பெண் பெற்றவர்களில் யார் முன்னே என்பதற்கு விதி எழுதி வைத்திருக்கிறார்கள், அது தெளிவு. ஆனால் அந்த மதிப்பெண் எந்த விடைக்குறிப்பை வைத்து வந்தது என்பது முடிவு வெளியாகும் நாளில் கையில் இல்லை.

இது செய்ய முடியாத காரியமா என்றால், பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் உத்தேச விடைக்குறிப்பு, ஆட்சேபனை, இறுதி விடைக்குறிப்பு, அதன் பிறகே தேர்வர் பட்டியல் என்ற வரிசையில் போகிறது. அங்கே தரவரிசைப் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டு, குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் மூன்றாண்டு உயிரோடு இருக்கிறது. அந்தக் காலத்தில் வரும் காலியிடங்களுக்கு அதிலிருந்தே ஆள் எடுக்கிறார்கள். அங்கேயும் வழக்கு உண்டு, வயிற்றெரிச்சல் உண்டு, பட்டியல் காலாவதியாகும் நேரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டமும் உண்டு. ஆனால் விடைக்குறிப்பு பற்றி இந்த மூச்சுமுட்டல் இல்லை.

தரவரிசையும் இனசுழற்சியும்

முடிவு வரும் நாளில் உங்கள் மதிப்பெண், ஒட்டுமொத்தத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை, சிறப்புப் பிரிவுத் தரவரிசை ஆகியவை திரையில் வரும். தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் தகுதி உள்ளவர்களுக்கு அதற்கான தரவரிசை தனியே வரும். இது நல்ல ஏற்பாடு. தனக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா என்று ஒருவர் ஓரளவு தானே கணக்குப் போட்டுவிடலாம்.

கணக்கு இப்படி: 100 இடம் என்றால் பொதுப் பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் வகுப்பு 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. அரை இடம் கொடுக்க முடியாது என்பதால் எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சொல்லும், 200 புள்ளிகள் கொண்ட இனசுழற்சிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். சென்ற தேர்வில் எந்தப் புள்ளியில் நின்றதோ அங்கிருந்து இந்த முறை தொடங்கும். சிறிய துறைகளில் 2 இடம், 3 இடம் என்று வரும்போது இந்தத் தொடக்கப் புள்ளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பகிர்வு அட்டவணை வெளியாகிறது. எந்தப் புள்ளியில் தொடங்கினார்கள் என்பது அட்டவணையைப் பார்க்கும் சாதாரணத் தேர்வருக்குப் புரியும்படி இல்லை.

பொதுப் பிரிவு என்பது முற்பட்டோருக்கான ஒதுக்கீடு என்ற தவறான எண்ணம் இன்னும் இருக்கிறது. அது எல்லோருக்கும் திறந்த இடம். உயர்ந்த தரவரிசையில் வரும் எவரும் முதலில் அதில்தான் நிரப்பப்படுவார்.

மகளிர் ஒதுக்கீட்டில்தான் தலை சுற்றும். இரண்டு விதமாகக் கணக்குப் போடலாம், இரண்டின் விளைவும் வேறு. பொதுப் பிரிவில் 30 இடம், பெண்களுக்கு 30 விழுக்காடு, அதாவது 9 இடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில், தகுதிப்படி மேலிருந்து 30 பேரை எடுத்துவிட்டு அதில் பெண்கள் எத்தனை என்று பார்ப்பது. 9 அல்லது அதற்கு மேல் இருந்தால் கை வைக்க வேண்டியதில்லை. 6 பேர்தான் என்றால், பட்டியலின் அடியில் இருக்கும் 3 ஆண்களை எடுத்துவிட்டு அடுத்த 3 பெண்களைச் சேர்ப்பது. 2007-இல் ராஜேஷ் குமார் தாரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிய கிடைமட்ட முறை இது. இரண்டாவது முறையில், 21 இடத்தை இருபாலருக்கும் பொதுவாக முதலில் நிரப்பி, அதில் 7 பெண்கள் வந்துவிட்ட பிறகும் மீதி 9-ஐப் பெண்களுக்கே கொடுப்பது. ஆக 16 பெண்கள். எது நியாயம் என்பது வேறு விவாதம். ஒரு தேர்வருக்கு வேண்டியது, இந்தத் தேர்வில் எந்த முறை, எந்த வரிசையில் பின்பற்றப்பட்டது என்ற ஒரு பக்க விளக்கம். சட்டத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், நீதிமன்றம் போனவர்களுக்குத் தெரியும். காசு கட்டியவருக்கும் தெரிய வேண்டாமா? மகளிர் பங்கை 40 விழுக்காடாக உயர்த்துவதாக 2021-இல் அரசு அறிவித்திருப்பதால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

சான்றிதழ்

மதிப்பெண் எடுத்தும் வேலை போகிற இடம் இது. அதிகம் கவிழ்ப்பது தமிழ்வழிச் சான்று. 20 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு, கல்லூரி மட்டும் தமிழில் படித்திருந்தால் போதும் என்ற காலம் 2020 சட்டத் திருத்தத்தோடு முடிந்தது. பதவிக்குரிய கல்வித் தகுதி வரை, ஒன்றாம் வகுப்பிலிருந்து முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். மூன்று பள்ளியில் படித்தவர் மூன்று தலைமையாசிரியரிடமும் உரிய படிவத்தில் வாங்க வேண்டும். எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதில் ஒரு வருட இடைவெளி விழுந்தாலும் கேள்வி வரும். இரண்டாம் வகுப்பு படித்த தொடக்கப் பள்ளியை மூடிவிட்டார்கள் என்றால் கல்வி அலுவலகத்துக்கு அலைய வேண்டும். முடிவு வந்தபின் அலைந்தால் நேரம் போதாது. விண்ணப்பிக்கும்போதே வாங்கி வையுங்கள்.

திருமணமான பெண்களின் சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் இருந்தால் திரும்பிவிடும். இது அறிவுரைகளில் தெளிவாக இருந்தும் ஒவ்வொரு முறையும் பலர் இதில் தடுமாறுகிறார்கள். ஸ்கேன் மங்கலாக இருப்பது, முன்பக்கம் மட்டும் பதிவேற்றி முத்திரை இருக்கும் பின்பக்கத்தை விடுவது போன்ற சில்லறைத் தவறுகளுக்குத் திருத்த வாய்ப்பு தருகிறார்கள். அது பாராட்டத்தக்கது.

கலந்தாய்வு

இந்தச் சேவையில் ஐந்துக்கு ஐந்து தரக்கூடிய ஒரே கட்டம் இதுதான். சென்னையில் ஆணைய அலுவலகத்தில் தரவரிசைப்படி அழைக்கிறார்கள். துறை, மாவட்டம், பிரிவு வாரியாக மீதமுள்ள இடங்கள் திரையில் ஓடுகின்றன. உங்கள் முன்னால் இருப்பவர் திருவண்ணாமலை வருவாய்த் துறையை எடுத்தால், அங்கே ஓர் எண் குறைவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். அன்றைய கடைசியில் மீதியிருந்த இடங்களின் பட்டியல் தளத்தில் ஏறிவிடும். மறுநாள் போகிறவர் அதைப் பார்த்தே தயாராகலாம். அரசு அலுவலகம் ஒன்றில் இவ்வளவு திறந்த ஒதுக்கீட்டைக் காண்பது அரிது.

அங்கே நடக்கும் விபத்துகள் தேர்வரால் வருபவை. உட்கார்ந்தபின் யோசிக்க நேரம் இருக்காது. பதினைந்து இருபது விருப்பங்களை முன்னுரிமைப்படி தாளில் எழுதிப் போக வேண்டும். எடுத்த இடத்தைப் பிறகு மாற்ற முடியாது. 'மாறுதல் வாங்கிக்கொள்ளலாம்' என்று சொல்லும் உறவினரை நம்பி கைக்கு வந்த துறையை எடுக்காதீர்கள். வேறு துறைக்கு மாறுவது மாவட்டம் மாறுவது போல எளிதல்ல. அழைத்த நாளில் வராவிட்டால் முறை போய்விடும். அழைப்பு வந்தாலே வேலை உறுதி என்பதும் இல்லை. இடத்தைவிட அதிகம் பேரை அழைப்பது வழக்கம்.

காலமும் எண்ணிக்கையும்

ஆண்டுத் திட்டம் டிசம்பர் வாக்கில் வந்துவிடுகிறது. தேர்வுத் தேதிகள் பெரும்பாலும் அதன்படியே நடக்கின்றன. 2022 ஜூலை 24-இல் நடந்த தேர்வின் முடிவு 2023 மார்ச் 24-இல் வந்தது: எட்டு மாதம். 2024 ஜூன் 9-இல் நடந்ததற்கு அக்டோபர் 28: ஐந்து மாதத்துக்கும் குறைவு. முன்னேற்றம் கண்கூடு.

காலியிட எண்ணிக்கைதான் கையில் நிற்காத பாதரசம். 2022-இல் 7,301 என்று தொடங்கி 10,000-ஐத் தாண்டியது. 2024-இல் 6,244 என்று தொடங்கி 6,724, 8,932, 9,491 என்று படிப்படியாக ஏறியது. கூடுவது தேர்வருக்கு லாபம்தான், யாரும் கோபிக்கப் போவதில்லை. ஆனால் எந்தத் துறை எத்தனை இடம் தந்தது, ஏன் முதலிலேயே தரவில்லை என்பது தெரியாததால், நடுவில் வரும் மாதங்களில் வதந்திச் சந்தை களைகட்டுகிறது. 'இன்னும் மூவாயிரம் கூடும், லிஸ்ட்ல உங்க பேரை ஏத்திடலாம்' என்று பணம் கேட்கும் தரகர் பிழைப்பதே இந்த இருட்டில்தான். நிலவரம் இதுதான்: இடம் கூடினால் தரவரிசைப்படி தானாகவே கீழே இறங்கும், நடுவில் பெயர் ஏற்றும் வேலை யார் கையிலும் இல்லை. குரூப் 4-க்குப் பணம் கேட்கிறவர் எவரானாலும் ஏமாற்றுக்காரர்.

இன்னொரு பக்கம், தொகுப்பூதியத்திலும் ஒப்பந்தத்திலும் வெளி நிறுவனம் மூலமும் நிரப்பப்படும் பணிகள் இந்தக் கவுன்ட்டருக்கு வருவதே இல்லை. தேர்வில்லாமல் உள்ளே வந்தவர்களை நிரந்தரமாக்கக் கூடாது என்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இலேயே சொல்லிவிட்டது. ஆனால் இடத்தை அறிவிக்காமலே வைத்திருப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை.

கவுன்ட்டருக்குப் பின்னால் இருப்பவர்கள்

1929-இல் சென்னை மாகாணத்தில் தொடங்கி, நாட்டிலேயே முதல் மாகாணத் தேர்வாணையம் என்ற பெருமை உள்ள அமைப்பு இது. தேர்வரை அங்குலம் அங்குலமாக அளக்கும் இந்த ஆணையத்தின் உறுப்பினர்களை அளக்க என்ன அளவுகோல்? அரசியலமைப்பின் 316-ஆவது கூறு ஆளுநர் நியமிப்பார் என்கிறது. ஆறு ஆண்டு அல்லது 62 வயது வரை பதவி. விளம்பரம், விண்ணப்பம், தேர்வுக் குழு எதையும் அது கேட்கவில்லை. 2016 ஜனவரியில் ஒரே மூச்சில் நியமிக்கப்பட்ட 11 உறுப்பினர்களின் நியமனத்தை அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தகுதியை ஆராய்ந்த முறையான நடைமுறை இல்லை என்பது அதன் சாரம். 2022 ஜூன் முதல் 2024 ஆகஸ்ட் வரை முழுநேரத் தலைவரே இல்லை. இடையில் அரசு பரிந்துரைத்த ஒரு பெயரை, தெரிவு நடைமுறை பற்றிக் கேள்வி எழுப்பி ஆளுநர் திருப்பி அனுப்பினார். யார் பக்கம் நியாயம் என்பதை அரசியல் மேடைக்கு விட்டுவிடலாம். இளநிலை உதவியாளர் வேலைக்கு ஒன்றாம் வகுப்புச் சான்று வரை கேட்கும் ஓர் அமைப்பின் உச்சியில், எழுதி வைத்த தெரிவு விதி இல்லாமல் இரண்டு ஆண்டு இழுபறி நடந்தது என்பது மட்டும் இந்த விமர்சனத்துக்குப் போதும்.

சந்தேகம் வந்தால்

மறுமதிப்பீடு கிடையாது, ஏன் தேர்ச்சி பெறவில்லை என்ற கேள்விக்கும் பதில் தர மாட்டோம் என்று அறிவிக்கையே சொல்கிறது. மீதி இருக்கும் கதவு தகவல் அறியும் உரிமைச் சட்டம். தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று 2011-இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-இல் அங்கேஷ் குமார் வழக்கில், குடிமைப் பணித் தேர்வின் மூல மதிப்பெண்களை யார் கேட்டாலும் தானாகக் கொடுத்துவிட வேண்டியதில்லை என்றும் சொன்னது. இரண்டாவதைத்தான் அலுவலகங்கள் ஆசையோடு மேற்கோள் காட்டும்.

அதனால் கேள்வியை எழுதும் விதம் முக்கியம். 'எனக்கு ஏன் மதிப்பெண் குறைந்தது' என்று எழுதினால், அது தகவல் இல்லை, விளக்கம் என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்: என் பதிவெண்ணுக்குரிய ஓஎம்ஆர் விடைத்தாளின் நகல், இன்ன கேள்விக்கு வல்லுநர் குழு இறுதி செய்த விடை, இன்ன பதவிக்கு இனசுழற்சி தொடங்கிய புள்ளி எண். ஒரு மனுவில் மூன்று நான்கு இனங்களுக்கு மேல் வேண்டாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு, சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, 'தெரிவுப் பணி முடியவில்லை' என்று வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஒப்புகையில் உள்ள, மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த தேதியைக் கோப்பின் மேலேயே எழுதி வையுங்கள். பதிலுக்கான 30 நாளை எண்ணத் தொடங்குவது அதிலிருந்துதான்.